வகுப்பைப் பார்க்க வாருங்கள் என்று பள்ளியில் கூப்பிட்டால் பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: மகள் காரைக்குடிப் பக்கம் ஓர் ஊரில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கலாம் என்கிறார்கள். அங்கே எப்போதும் குச்சியும் புளியங்கொட்டையுமாக விளையாட்டுத்தான். வாய்பாடு சொல்லத் தெரியவில்லை. போய் என்னத்தைப் பார்ப்பது?

பதில்: நீங்கள் விளையாட்டு என்று எழுதியிருக்கும் அந்தக் குச்சிகளைப் பார்க்கத்தான் போக வேண்டும். சார்ட்டும் தோரணமும் எங்கேயும் ஓடிப் போகாது.

42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் இந்த வயதில் அடிக்கடி வருகிற தப்பு விடை 35. கவனக்குறைவு இல்லை. ஒன்றாம் இடத்தில் 2-இல் 7 போகாது, ஆகவே 7-இல் 2 போக 5. பத்தாம் இடத்தில் 4-இல் 1 போக 3. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று குழந்தை தானே ஒரு விதி செய்துகொண்டு அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது. சிவப்பு மையில் தப்புப் போட்டால் அந்த விதி அசையாது. குச்சிதான் அசைக்கும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சியில் நாலு கட்டும் இரண்டு உதிரியும் முன்னால் இருக்கும். ஏழு உதிரி எடு என்றால் போதாது. அந்த நேரத்தில் குழந்தையே ஒரு கட்டை அவிழ்க்கிறதா, டீச்சர் அவிழ்த்துக் கொடுக்கிறாரா? இதை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் போன காரியம் முடிந்தது. அவிழ்த்தால் உதிரி 12, அதில் 7 போக 5. மிச்சம் மூன்று கட்டில் ஒன்று போக 2. விடை 25.

"பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுப்பதும் நடக்கிறது. ஒன்று கடன் வாங்கினால் கைக்குப் பத்து எப்படி வந்தது, அதை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று கேட்கிற பிள்ளைக்குத்தான் கணக்கு ஏறுகிறது என்று அர்த்தம். வட்டிக் கணக்குக்குப் பேர்போன நம் சீமையில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

குச்சி வைத்தாலே எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. கட்டில் 9 அல்லது 11 இருந்தால் கணக்கே குழம்பிப்போகும். ரப்பர் பேண்ட் வெயிலில் இற்றுப்போகும், பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டிப் போட்டால் வருடம் தாங்கும். நாலு பேர் குழுவுக்கு நூறு குச்சியாவது வேண்டும். இருபது குச்சியை நாலு பேர் இழுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் பார்ப்பது நிஜமாகவே விளையாட்டுத்தான், அதைத் தாராளமாகக் கேளுங்கள்.

வாய்பாட்டுக்கு வருகிறேன். "எங்க ஐயா எண்சுவடியை (பழைய வாய்பாட்டுப் புத்தகம்) மனப்பாடம் பண்ணித்தானே பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனார்" என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 என்று பழைய பின்னங்களை அவர்கள் ஒப்பித்தது உண்மை. ஆனால் ஒப்பித்த கையோடு கடையில் பெட்டியடியில் உட்கார்ந்து காசை எண்ணினார்கள். அவர்களுக்குக் குச்சி அந்தக் காசுதான். உங்கள் மகளிடம் வரிசையாகச் சொல்லச் சொல்லாதீர்கள். ஏழு குழிப் பணியாரக் கல்லில் மூன்று ஈடு எடுத்தால் எத்தனை என்று கேளுங்கள். 7, 14, 21 என்று விரல் விட்டு வந்தாலும் இந்த வகுப்புக்கு அது நல்ல விடை.

போகிற நேரம்: திங்கள் காலை வேண்டாம், வெள்ளி பிற்பகலும் வேண்டாம். ஒரு பாடவேளை முழுக்க, நாற்பது நிமிடம் இருங்கள். முதல் பத்து நிமிடம் பிள்ளைகளும் நடிப்பார்கள், டீச்சரும் நடிப்பார், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்தால் உங்கள் பிள்ளை முழு நேரமும் திரும்பியே பார்க்கும். போட்டோ எடுக்க வேண்டாம், அதில் ஊரார் பிள்ளைகளும் விழுவார்கள். அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் அப்பத்தாவோ, அம்மாவைப் பெற்ற ஆயாவோ போகலாம். ஒரே நிபந்தனை, விடையைக் கிசுகிசுக்கக் கூடாது.

உங்கள் பிள்ளையை விட்டுவிட்டு வேறு ஒரு பிள்ளையைக் கவனித்தால் நிறையத் தெரியும். டீச்சர் கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்று மனசுக்குள் எண்ணுங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

தமிழ் வாசிப்பில் ஏமாந்துவிடாதீர்கள். பாடப் புத்தகத்தை மடமடவென்று படிப்பது பல நேரம் மனப்பாடம். படத்தைக் கையால் மூடி, வரியின் கடைசிச் சொல்லைக் காட்டினால் வெளுத்துவிடும். 'கொ' என்பதை 'கெ', 'கா' என்று பிரித்து வாசித்தால் பயப்பட வேண்டாம். குறி எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது, அதுதான் காரணம். 'பளம்' என்று எழுதினால் காது சரியாகக் கேட்கிறது என்று பொருள். நம் பக்கம் வீட்டில் அப்படித்தானே சொல்கிறோம்?

அரசுப் பள்ளி என்றால் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் இருக்கும். பிள்ளை அரும்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போகும் பெற்றோர் உண்டு. அது தரவரிசை இல்லை, இப்போதைக்கு எங்கே நிற்கிறது என்பதுதான். தமிழில் மலரில் இருக்கிற பிள்ளை கணக்கில் மொட்டில் இருக்கலாம்.

கேட்காத விஷயம் ஒன்று. நம் ஊர்களில் நன்கொடைக்குக் குறைவில்லை. பெயர் எழுதிய ஸ்டீல் பீரோ வரும், மணிச்சட்டம் வரும். அத்தனையும் இருப்புப் பதிவேட்டில் ஏறும். ஒரு மணி தொலைந்தாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும் என்பதால் எல்லாம் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். திறப்புவிழா போட்டோவோடு அதன் ஆயுசு முடிந்தது. கொடுக்கிறவர்கள் "உடைந்தாலும் தொலைந்தாலும் பரவாயில்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? தணிக்கைக்காரரிடம் காட்ட அந்தக் காகிதமாவது இருக்கும்.

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் ஐந்து நிமிடம் போதும். "எப்படிப் படிக்கிறாள்?" என்றால் "நல்லா படிக்கிறாள்" என்பார், அத்தோடு முடிந்தது. "எந்த இடத்தில் தடுக்குகிறது?" என்று கேளுங்கள். வழியில் மகளிடம் "ஏன் கை தூக்கவில்லை?" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒன்றரை மாதம் கழித்து அதே பாடவேளைக்கு மறுபடி போங்கள். இடையில் வீட்டில் 35 வந்தால் "எப்படிப் போட்டாய், சொல்" என்று மட்டும் கேட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். டீச்சருக்குப் பரீட்சை மார்க்கைவிட அது உதவும்.