பிள்ளைகளோடு ஜப்பான்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வரும் கோடை விடுமுறைக்கு ஜப்பான் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், பத்து வயது மகள், ஐந்து வயது மகன். இதுவரை வெளிநாடு என்றால் நான்கு வருடம் முன்பு டூர் கம்பெனியோடு சிங்கப்பூர் போனதுதான். இந்த முறை நாங்களே திட்டமிட்டுப் போக ஆசை. மொத்தம் பத்து இரவு: டோக்கியோ 3, ஹகோனே 1, தகாயாமா 1, கியோட்டோ 2, ஹிரோஷிமா 1, ஒசாகா 2. இவ்வளவு செலவு செய்து போய்விட்டு எந்த ஊரையாவது பார்க்காமல் விட்டுவிட்டு வருவதா என்கிறார் கணவர். சின்னப் பிள்ளைகளோடு தெரியாத ஊருக்குத் தனியாகவா என்று அம்மா பயப்படுகிறார். நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. குறிப்பிட்ட நாட்களுக்கு ரயில்களில் இஷ்டம்போல் போக உதவும் ஜேஆர் பாஸ் வாங்கிவிடலாமா? ஏப்ரல் கடைசி வாரம் கிளம்புவதாகத் திட்டம்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

தாராளமாகப் போய் வாருங்கள். அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: ஜப்பானில் ஆறேழு வயதுப் பிள்ளைகள் முதுகில் புத்தகப் பையோடு தாங்களே ரயிலேறிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். குழந்தைகளோடு முதல்முறை தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு அதைவிடத் தோதான நாடுகள் குறைவு.

ஆனால் இந்தப் பட்டியலோடு போகாதீர்கள். ஆறு ஊர் என்றால் ஐந்து முறை பெட்டி கட்ட வேண்டும். ஹோட்டலில் காலை பத்து, பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் பெரும்பாலும் மூன்று மணிக்குத்தான் சாவி கிடைக்கும். நடுவில் இருக்கும் நேரமெல்லாம் தூக்கம் சொக்கும் பையனோடு ஏதாவது ஒரு ஸ்டேஷனில் கழியும். பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். பிள்ளைகளுக்கு வெளியூரில் முதலில் வேண்டியது நேற்றுப் படுத்த அதே படுக்கை. அது இருந்தால் பகலில் எவ்வளவு தூரம் கூட்டிப்போனாலும் வருவார்கள்.

ஆகவே இரண்டே ஊரில் தங்குங்கள். டோக்கியோவில் ஐந்து இரவு, கியோட்டோவில் ஐந்து இரவு. ஹகோனேவுக்கு டோக்கியோவின் ஷிஞ்சுகு ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். ஏரிக் கப்பலும் ரோப் காரும் பார்த்துவிட்டு இரவே திரும்பலாம். கியோட்டோவிலிருந்து ஒசாகா அரை மணி நேரம், நாரா முக்கால் மணி நேரம். தகாயாமா அழகான ஊர்தான், ஆனால் நகோயாவில் வண்டி மாறி மலைப்பாதையில் இரண்டரை மணி நேரம் போய், மறுநாள் வந்த வழியே திரும்ப வேண்டும். விட்டுவிடுங்கள். ஹிரோஷிமாவை நீக்கச் சொல்வதற்குக் காரணம் தூரம் அல்ல. அங்கே அருங்காட்சியகத்தில் குண்டுவீச்சில் எரிந்துபோன ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. பத்து வயதுப் பெண்ணோடு அதன் முன்னால் நின்று பேசலாம், பேச வேண்டும். ஐந்து வயதுப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அது முடியாது. அவன் வளர்ந்த பிறகு அந்த ஊருக்கென்றே ஒரு முறை போங்கள்.

விமான டிக்கெட்டை டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புவதுபோல் எடுங்கள். பதிவு செய்யும் தளங்களில் 'மல்டி சிட்டி' என்று தனியே இருக்கும். டோக்கியோவுக்குத் திரும்பி வரும் ரயில் செலவும் ஒரு நாளும் மிச்சம்.

தேதியை மாற்றியே ஆக வேண்டும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே 'கோல்டன் வீக்'. விடுமுறைகள் வரிசையாக வரும் வாரம் அது. நாடே ரயிலில் இருக்கும், அறை வாடகையும் எகிறிவிடும். ஜூன் முதல் பாதியில் மழைக்காலம் ஆரம்பித்துவிடும். நம் பள்ளி விடுமுறைக்குள் இரண்டுக்கும் நடுவே மே இரண்டாவது வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை நல்ல காலம். வெயிலும் கோவை அளவுக்கு இருக்காது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தி. அங்கே காலை எட்டு மணி என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு விடியற்காலை நாலரை. முதல் இரண்டு நாள் காலையில் எந்தப் பதிவும் வைக்காதீர்கள். எழுந்ததும் கிளம்பலாம், இரவில் கொஞ்சம் தாமதமாகத் தூங்கட்டும். டோக்கியோவில் உவேனோ பக்கம் தங்கினால் இதற்கு வசதி. நரிதா விமான நிலையத்திலிருந்து நேர் ரயில் உண்டு. பூங்காவும் மிருகக்காட்சிசாலையும் டைனோசர் எலும்புக்கூடுகள் நிற்கும் தேசிய அறிவியல் அருங்காட்சியகமும் நடந்துபோகும் தூரம். அந்த அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடங்களுக்குப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது.

ஜேஆர் பாஸ் வேண்டாம். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்ததை 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். உங்கள் நால்வருக்கு, மகளுக்குப் பாதி, பையன் இலவசம் என்று வைத்தாலும் 1,25,000 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு 'நொஸோமி' புல்லட் ரயிலில் ஒருவருக்கு ஏறக்குறைய 14,000 யென், பிள்ளைகளுக்குப் பாதி. ஆறு வயதுக்குக் கீழே மடியில் உட்கார்ந்தால் இலவசம். இரண்டேகால் மணி நேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம், பையனுக்கும் சீட் எடுங்கள். அப்படி எடுத்தாலும் மொத்தம் 42,000 யென்தான். உள்ளூர்ப் பயணங்களுக்கு, பணம் ஏற்றி வைத்துக்கொண்டு கேட்டில் தொட்டுவிட்டுப் போகும் ரயில் அட்டை போதும்.

சீட் எடுக்கும்போது டி, இ என்று அடுத்தடுத்த இரண்டு வரிசையில் கேளுங்கள். வண்டியில் ஏறியதும் முன் வரிசை சீட்டின் கீழே இருக்கும் மிதியைக் காலால் அழுத்தித் தள்ளினால் சீட் அப்படியே சுற்றிப் பின்வரிசையைப் பார்த்து நிற்கும். நால்வரும் எதிரெதிராக உட்காரலாம். மேகம் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரத்தில் அதே பக்க ஜன்னலில் ஃபூஜி மலை தெரியும்.

ரயில் அட்டையை ஸ்டேஷன் கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி மகளுக்குச் சிறுவர் அட்டையாகவே வாங்குங்கள், பாதிக் கட்டணம் பிடிக்கும். டோக்கியோவில் அதைத் தொட்டதும் கேட்டில் கோழிக்குஞ்சு கத்துவதுபோல் சத்தம் வரும். எங்கள் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காகவே அடுத்த ரயில் எப்போது என்று கேட்டார்கள்.

பெரிய பெட்டிகளை ரயிலில் இழுக்க வேண்டாம். நீள, அகல, உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் வரும் பெட்டிக்கு அந்தப் புல்லட் ரயிலில் தனியாக இடம் பதிய வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஹோட்டல் வரவேற்பில் கொடுத்தால், பெட்டிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் யென்னில் கூரியர்காரர்கள் கியோட்டோ ஹோட்டலுக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஓர் இரவுக்கான துணி மட்டும் முதுகுப்பையில் போதும்.

சாப்பாடுதான் நிஜமான கஷ்டம். காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் பெரும்பாலும் 'தாஷி' இருக்கும். உலர்ந்த மீன் சீவலைக் கொதிக்கவைத்து இறக்கும் சாறு அது. மீன் துண்டு கண்ணில் படாததால் பரிமாறுகிறவர் சைவம் என்றே சொல்லிவிடுவார். 'இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் கூடாது' என்று ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷிகசாய் பக்கம் நம் சாப்பாடு கிடைக்கும். இரண்டு ஊரிலும் சின்ன அடுக்களை உள்ள அபார்ட்மெண்ட் ஹோட்டலாகப் பாருங்கள். பாக்கெட்டில் வெந்த சோறு கடைகளில் கிடைக்கும், மைக்ரோவேவில் சூடு செய்தால் போதும். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் வேண்டாம், தாவரச் சோதனையில் பிடித்துக்கொள்வார்கள். இங்கே வாங்கிய ரைஸ் குக்கரும் வேண்டாம். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் குக்கரில் தண்ணீர் வெதுவெதுப்பாவதற்கே நேரமாகும்.

பிள்ளைகளின் சளி மருந்தில் சூடோஎஃபெட்ரின், கோடீன் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுத்துவையுங்கள். இரண்டுக்கும் அங்கே கெடுபிடி உண்டு.

நாராவைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மான்களுக்காக எல்லோரும் போகிறார்கள். ஆனால் தோதாய்ஜி கோயிலில் பெரிய புத்தருக்குப் பின்னால் ஒரு மரத்தூணின் அடியில் ஓட்டை இருக்கும். புத்தரின் மூக்குத் துவாரம் அளவு என்பார்கள். அதில் புகுந்து வெளியே வரப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். உங்கள் பையன் சுலபமாக வந்துவிடுவான், மகள் கையை முன்னால் நீட்டிக்கொண்டு புக வேண்டியிருக்கும். 752-இல் அந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. மகளுக்கு இதை அங்கேயே நின்று சொல்லுங்கள். டூர் பஸ்ஸில் போனால் அந்த வரிசையில் நிற்க நேரம் கொடுப்பார்களா என்பது சந்தேகம். நீங்களாகப் போனால் பையன் இன்னொரு முறை என்று கேட்டாலும் நிற்கலாம்.

விசா விண்ணப்பத்தில் எந்தத் தேதியில் எங்கே தங்குகிறீர்கள் என்று நாள்வாரியாகக் காட்ட வேண்டும். அதனால் ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிந்துகொள்ளுங்கள், பதியும்போது பிள்ளைகளையும் சேர்த்தே எண்ணிக்கை கொடுங்கள். அதற்கு முன்னால் பிள்ளைகள் இரண்டு பேரின் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள். சிங்கப்பூருக்காக எடுத்தது இந்நேரம் முடியும் தறுவாயில் இருக்கும்.

அன்புடன்,
அக்கா