தப்பு என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஸ்கோர் ஏன் மாறவில்லை?

கேள்வி: என் மகன் அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். 2025 செப்டம்பர் 20 அன்று ஓக்லஹோமாவுடன் நடந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில், எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் வெளியே போவதுபோல் பாவனை செய்து, ஓரமாக நின்று பந்தைப் பிடித்து டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைக் கடப்பது) அடித்தார். அதை அனுமதித்தது தவறு என்று, ஆட்டத்தை நடத்தும் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பான எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸே பிறகு அறிக்கை விட்டது. ஆனால் ஆபர்ன் 24-17 என்று தோற்றது தோற்றதுதான். நடுவர்கள் மேல் எங்கே புகார் கொடுப்பது? மறு ஆட்டம் கேட்க முடியாதா? கோர்ட்டுக்குப் போகலாமா? பையன் போன் பண்ணினால் இதே பேச்சுதான்.
— ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கோர் மாறாது. மறு ஆட்டம் கிடையாது. கோர்ட் இதைக் காதில் போட்டுக்கொள்ளாது. நடுவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வழி இருக்கிறது. உங்கள் விஷயத்திலும் அப்படி ஏதோ ஒன்று நடக்கும் என்று எஸ்.இ.சி. சொன்னது, என்ன என்பதை மட்டும் சொல்ல மறுத்துவிட்டது. உங்கள் மகனுக்குக் கோபம் தோல்வியில் இருக்கலாம். எனக்குக் குறை இந்த மௌனத்தில்தான்.

ஸ்கோர் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் முடிந்தது என்று ரெஃப்ரி அறிவித்ததும் ஸ்கோர் இறுதி என்று விதிப் புத்தகம் சொல்கிறது. அப்பீலுக்கு இடம் விடவில்லை. உங்களுடையதைவிட அப்பட்டமான தவறுகளுக்கே அந்தக் கதவு திறக்கவில்லை.

1990 அக்டோபர் 6, கொலராடோவும் மிசூரியும் மோதிய ஆட்டம். கடைசி நிமிடம், மிசூரி 31-27 என்று முன்னிலை. கொலராடோவிடம் பந்து, கோல் கோட்டுக்கு மூன்று யார்டு தூரம், கையில் நான்கு டவுன், அதாவது பந்தை முன்னேற்ற நான்கு முயற்சி. எத்தனையாவது டவுன் என்பது மறந்துவிடாமல் இருக்க நடுவர்கள் கையில் ஒரு எலாஸ்டிக் பட்டை மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு டவுனுக்கும் அதன் வளையத்தை ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்கு மாற்றுவார்கள். மைதான ஓரத்தில் எண் பலகை பொருத்திய கம்பத்தோடு ஆள் நிற்பார். இத்தனை இருந்தும் அன்று எண்ணிக்கை தவறியது. முதல் டவுனில் கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடித்தார்கள். இரண்டாவதில் எரிக் பியனமி ஓடி, கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் விழுந்தார். உடனே டைம் அவுட். அந்த இடைவெளியில் பலகையை 2-லிருந்து 3-க்கு யாரும் மாற்றவில்லை, நடுவர்களும் கவனிக்கவில்லை. அதன்பின் ஒரு ஓட்டம், மறுபடி பந்தைத் தரையில் அடித்தல். நியாயமாகப் பார்த்தால் நான்கு டவுனும் தீர்ந்து, பந்து மிசூரிக்குப் போயிருக்க வேண்டும். கொலராடோ ஐந்தாவது முறையும் ஆடி டச் டவுன் அடித்து 33-31 என்று ஜெயித்தது. நடுவர் குழுவை அவர்களுடைய கான்ஃபரன்ஸ் சஸ்பெண்ட் செய்தது. வெற்றி நிலைத்தது. அந்த சீசன் முடிவில் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் கொலராடோதான் முதலிடம்.

நான்கு வரை எண்ணத் தவறியதற்கே இதுதான் தீர்வு என்றால், ஓரத்தில் ஒளிந்து நின்ற ஆளைக் கவனிக்காததற்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பழைய கதையைச் சிலர் எதிர்வாதமாகச் சொல்வார்கள். 1940 நவம்பரில் இதேபோல் ஐந்தாவது டவுனில் கார்னெல், டார்ட்மவுத்தை 7-3 என்று வென்றது. ரெஃப்ரி ரெட் ஃப்ரீசெல் படச்சுருளைப் பார்த்துவிட்டுத் தன் தவறை ஒப்புக்கொண்டார். ஆட்டம் டார்ட்மவுத்துக்கு 3-0 என்று பதிவானது. ஆனால் ஸ்கோரை மாற்றியது நடுவரும் இல்லை, லீக்கும் இல்லை. கார்னெல் தானாகவே விட்டுக்கொடுத்தது. இன்றைக்கு ஒரு கோச்சின் வேலை, பிளேஆஃப் (சீசன் இறுதிச் சுற்று) இடம், கோடிக்கணக்கான டாலர் எல்லாம் ஒரு ஆட்டத்தில் தொங்கும்போது அதை எதிர்பார்ப்பது வீண்.

பெரிய இடத்திலிருந்து கடிதம் போனால்? அதையும் செய்து பார்த்தார்கள். 2006 செப்டம்பரில் ஓரெகன், ஓக்லஹோமாவை 34-33 என்று வென்றது. கடைசி நேர ஆன்சைடு கிக்கில் (உதைத்த அணியே பந்தைத் திரும்பப் பிடிக்க முயலும் குட்டி உதை) நடுவர்களும், வீடியோவை மறுபடி பார்த்து முடிவைச் சரிபார்க்கும் ரீப்ளே அதிகாரியும் செய்த தவறுக்காக அவர்களை பேக்-10 கான்ஃபரன்ஸ் ஒரு ஆட்டத்துக்கு சஸ்பெண்ட் செய்து மன்னிப்பும் கேட்டது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் அந்த ஆட்டத்தையே பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி எழுதினார். அவர் முன்னாள் ஆளுநர், முன்னாள் செனட்டர். ஒன்றும் நடக்கவில்லை. அன்று நியாயம் கேட்டு நின்ற அதே ஓக்லஹோமாதான் இன்று உங்கள் மகனின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம்.

கோர்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முக்கியமான தீர்ப்பு நீங்கள் வசிக்கும் ஜார்ஜியாவிலேயே இருக்கிறது. 1981-ல் ஒரு பள்ளி ஆட்டம். உதைத்தவர் மீது மோதியதற்கு அபராதத்தோடு புதிய முதல் டவுன் (மறுபடி நான்கு முயற்சி) தந்திருக்க வேண்டும்; ரெஃப்ரி தரவில்லை. பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட் நீதிபதி, விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடரும்படி உத்தரவே போட்டுவிட்டார்! ஜார்ஜியா சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது: ஃபுட்பால் நடுவரின் முடிவை மறுபரிசீலனை செய்வது நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வராது என்றது. 2014-ல் ஓக்லஹோமா சிட்டியில் ஒரு பள்ளி பிளேஆஃப் ஆட்டத்திலும் இதே கதை. நடுவர்கள் டச் டவுனைத் தவறாக ரத்து செய்தார்கள், பள்ளி விளையாட்டுச் சங்கம் மன்னிப்புக் கேட்டது, நீதிபதி மறு ஆட்டத்துக்கு மறுத்துவிட்டார். நஷ்ட ஈடும் தேறாது. 1982-ல் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தில் அயோவா தோற்றதால் தங்கள் நினைவுப் பொருள் வியாபாரம் படுத்துவிட்டது என்று ஒரு கடைக்காரத் தம்பதி நடுவர்மேல் உரிமை கோரினார்கள். அவர்களுக்கு லாபம் வரும்படி விசில் ஊதும் கடமை நடுவருக்கு இல்லை என்று 1984-ல் அயோவா அப்பீல் கோர்ட் முடித்துவிட்டது. வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் பையனுக்கு அடுத்த சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்.

சரி, யார்தான் கேட்பது? கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்கு எழுதினால் பயனில்லை. அது விதிப் புத்தகத்தை எழுதுகிறது. நடுவர்களை வேலைக்கு வைப்பதில்லை. அவர்களை எடுப்பது, ஆட்டம் ஒதுக்குவது, நிறுத்துவது எல்லாம் கான்ஃபரன்ஸ். மைதானத்தில் நிற்கும் எட்டுப் பேரில் பெரும்பாலானோருக்கு இது பகுதி நேர வேலை. திங்கட்கிழமை வேறு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு மேலே ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் நடுவர்களுக்கான ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்கிறார். உங்கள் கேள்விக்கு விடை அந்த நாற்காலியில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் மதிப்பீட்டாளர்கள் வீடியோவை ஒவ்வொரு பிளேயாக (ஒவ்வொரு நகர்வாக) பார்த்து, ஒவ்வொரு நடுவருக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். ஃபவுலுக்குக் கொடி வீசியது சரியா, வீச வேண்டியதை விட்டாரா, நிற்க வேண்டிய இடத்தில் நின்றாரா என்று எல்லாம் அதில் வரும். சீசன் முடிவில் கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப்பும் பவுல் ஆட்டமும் (சீசனுக்குப் பின் நடக்கும் சிறப்பு ஆட்டம்) யாருக்குக் கிடைக்கும் என்பதில் இந்த மதிப்பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. சஸ்பென்ஷன் செய்தியாகிறது. மதிப்பெண் குறைந்து நல்ல ஆட்டம் கைநழுவிப் போவது செய்தியாவதில்லை, ஆனால் நடுவருக்கு வலிப்பது அதுதான்.

கோச்சுகளுக்கும் இதில் ஒரு பாதை உண்டு. சந்தேகமான பிளேக்களை வெட்டி எடுத்து ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புவார்கள். வாரத் தொடக்கத்தில் பதில் வரும். அதைப் பகிரங்கமாகப் பேசினால் அபராதம். 2009-ல் நடுவர்கள் ஒரு ஃபவுலை விட்டுவிட்டார்கள் என்று வாய்விட்டுச் சொன்னதற்கு ஃப்ளோரிடா கோச் அர்பன் மையர் எஸ்.இ.சி.க்குக் கட்டியது 30,000 டாலர். இத்தனைக்கும் அதே சீசனில் அதே எஸ்.இ.சி. ஒரு நடுவர் குழுவையே பகிரங்கமாக சஸ்பெண்ட் செய்திருந்தது. தப்பைச் சொல்லும் உரிமை முதலாளிக்கு மட்டும்தான்.

அப்படியானால் நீங்கள் செய்யக்கூடியது என்ன? உங்கள் பெயரில் கான்ஃபரன்ஸுக்குப் போகும் மின்னஞ்சல், ரசிகர் கடிதக் குவியலில் சேரும். பல்கலைக்கழகத்தின் அத்லெட்டிக் டிபார்ட்மென்டுக்கு எழுதுங்கள். ஒருங்கிணைப்பாளரிடம் நேராகப் பேசக்கூடியவர்கள் அவர்கள். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், படிக்கும் மாணவர், மாணவரின் பெற்றோர் எழுதினால் அவர்கள் படிக்கவாவது செய்வார்கள்.

எழுதும்போது ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவரின் பார்வையைப் பொறுத்த முடிவு வேறு, விதியையே தப்பாகப் பயன்படுத்துவது வேறு. ஹோல்டிங் (ஆளைப் பிடித்து இழுப்பது), பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பந்தைப் பிடிக்க விடாமல் இடைஞ்சல் செய்வது) போன்றவற்றில் வாதாடிப் பயனில்லை. அந்தக் கோணத்தில் எனக்கு அப்படித்தான் தெரிந்தது என்று சொன்னால் முடிந்தது. விதித் தவறு அப்படியல்ல. 2016 செப்டம்பர் 10, ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று சென்ட்ரல் மிச்சிகனுக்கு எதிராக முன்னிலை. கடைசி நொடிகளை ஓட்ட, நான்காவது டவுனில் அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை வீசும் ஆட்டக்காரர்) பந்தை ஆளில்லாத இடத்துக்கு வீசினார். அது ஃபவுல்தான். ஆனால் டவுனை இழக்கும் வகை ஃபவுல் என்பதால் கடிகாரம் தீர்ந்தபின் ஆட்டத்தை நீட்டிக்கக் கூடாது. நடுவர்கள் கூடுதலாக ஒரு பிளே கொடுத்தார்கள். அதில் சென்ட்ரல் மிச்சிகன் நீண்ட பாஸ் வீசி, பிடித்தவர் பக்கத்து ஆளுக்குத் தட்டிவிட, 30-27 என்று ஜெயித்தது. மைதானக் குழுவுக்கும் ரீப்ளே குழுவுக்கும் இரண்டு ஆட்ட சஸ்பென்ஷன் உடனே வந்தது. விதி எண்ணைச் சுட்டிக் கேட்க முடிந்தால் தப்பிக்க இடமிருக்காது.

ஆபர்ன் பிளே இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆள் மாற்றுவதுபோல் பாவனை செய்து எதிரணியை ஏமாற்றக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. மீறினால் அணிக்கு 15 யார்டு அபராதம். ஆனால் அந்த ஆட்டக்காரர் நடந்ததைப் பாவனை என்று புரிந்துகொள்ள ஒரு நடுவரின் கண் வேண்டும். அந்தப் பக்கத்து ஓரக்கோட்டில் நின்றவர் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ரீப்ளே ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பீர்கள். கால் கோட்டுக்குள் விழுந்ததா, பந்து கைநழுவியதா போன்றவற்றுக்குத்தான் ரீப்ளே. கொடி வீசாமல் விட்ட ஃபவுல் பொதுவாக அதன் வரம்புக்குள் வராது.

ரீப்ளே இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. 2015-ல் மயாமி அணி கிக் ஆஃப் பந்தை எட்டு முறை கைமாற்றி டியூக்கை 30-27 என்று வென்றபோது, நடுவில் ஒருவரின் முழங்கால் தரையில் பட்டது. நெடுநேரம் திரையைப் பார்த்தும் அதை விட்டுவிட்டார்கள். இரண்டு ஆட்ட சஸ்பென்ஷன், அதே ஸ்கோர்.

ஆட்டம் முடிந்த பிறகும் ஒரு முடிவை மாற்ற வழியுள்ள இடம் டார்கெட்டிங் ஃபவுல். 2025 சீசனின் விதிப்படி, தலையைக் குறிவைத்து மோதியதாக இரண்டாம் பாதியில் வெளியேற்றப்பட்டால், அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியும் போய்விடும். 2022 முதல் அந்த மிச்சத் தண்டனையை எதிர்த்து கான்ஃபரன்ஸ் வழியாக என்.சி.ஏ.ஏ.வின் தேசிய ஒருங்கிணைப்பாளரிடம் அப்பீல் போகலாம். வீடியோவில் தப்பு வெளிப்படையாகத் தெரிந்தால் ஆட்டக்காரர் ஆடலாம். முந்தைய ஆட்டத்தின் ஸ்கோரை அதுவும் தொடாது.

ஆவணங்கள் வேண்டுமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. கான்ஃபரன்ஸ் தனியார் அமைப்பு. அதனிடம் தகவல் உரிமை பேச முடியாது. ஆபர்ன் அரசுப் பல்கலைக்கழகம். மாநிலப் பொது ஆவணச் சட்டத்தின்கீழ், அந்த ஆட்டம் குறித்து அத்லெட்டிக் டிபார்ட்மென்டுக்கும் கான்ஃபரன்ஸுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைக் கேட்டுப் பார்க்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். அலபாமாவில் அந்த மாநிலத்தில் வசிப்பவர் பெயரில் கேட்பது நல்லது என்பதால் விண்ணப்பத்தை மகன் போடட்டும். தேதி, ஆட்டம், துறை என்று குறுகலாகக் கேட்க வேண்டும்.

செய்யக் கூடாதது ஒன்று: நடுவரின் வீடு, தொழில், ஃபேஸ்புக் பக்கம் எதையும் தேடிப் போகக் கூடாது. 2017-ல் ஒரு கூடைப்பந்து நடுவரின் கூரை வேலை நிறுவனத்தை, ஆட்டத்தில் கோபம்கொண்ட கென்டக்கி ரசிகர்கள் மோசமான ரிவியூக்களால் மூழ்கடித்தார்கள். கொலை மிரட்டலும் போனது. மைதானத்தில் பாட்டில் வீசுவதும் அப்படித்தான். 2024 அக்டோபரில் ஜார்ஜியாவுடன் ஆடும்போது டெக்சாஸ் ரசிகர்கள் வீசினார்கள், ஆட்டம் நின்றது, அந்த இடைவெளியில் நடுவர்கள் கூடிப் பேசி, தாங்கள் கொடுத்த ஃபவுல் முடிவை டெக்சாஸுக்குச் சாதகமாக மாற்றினார்கள்! பாட்டில் வீசினால் பலன் உண்டு என்று தோன்றிவிடக் கூடாதே என்ற பதற்றமோ என்னவோ, பல்கலைக்கழகத்துக்கு 2,50,000 டாலர் அபராதம் விழுந்தது.

என்னைக் கேட்டால், சஸ்பென்ஷனைவிட வெளிப்படைத்தன்மைதான் பெரிய தண்டனையும் பெரிய பாதுகாப்பும். தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிட முடிவுகளை, சரி எது தப்பு எது என்று, அறிக்கையாகவே வெளியிடுகிறது. கல்லூரி ஃபுட்பாலில் ஏ.சி.சி. என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ் 2025-ல் சில ஒளிபரப்புகளில் ரீப்ளே அறை உரையாடலை நேரலையில் கேட்கவிட்டது. எஸ்.இ.சி.யும் அந்த அளவுக்காவது வர வேண்டும்.

அதனால் அத்லெட்டிக் டிபார்ட்மென்டுக்கு எழுதும்போது, அந்த நடுவருக்கு என்ன தண்டனை என்று கேட்காதீர்கள். பணியாளர் விவகாரம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பாவனை விதி பற்றி இந்தச் சீசனில் நடுவர்களுக்கு என்ன விளக்கம் அனுப்பப்பட்டது, அது எங்கள் கோச்சுகளுக்கும் வந்ததா, ஓரக்கோட்டு நடுவர் ஆள் மாற்றத்தை எப்படி எண்ண வேண்டும் என்பதில் மாற்றம் உண்டா என்று கேளுங்கள். சீசன் நடுவிலும் விதி விளக்கக் குறிப்புகள் வெளியாவது வழக்கம்தான்; இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவர்களுக்குத் தடை எதுவும் இருக்காது.