ஆலை மூடிய பிறகும் ஓடும் எண்டெவர்: விற்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: 2018-இல் ஏறத்தாழ 38 லட்சம் ரூபாய் செலவழித்து ஃபோர்டு எண்டெவர் 3.2 லிட்டர் ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கினேன். இதுவரை 1,46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டத்துக்கு வாரம் இருமுறை போய்வருவதும், முழங்கால் வலியுள்ள என் தாயாரை மதுரைக்குப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும் இதில்தான். அவர் கதவோரக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்தே அதன் நிறம் மங்கிவிட்டது. அருகிலிருந்த சர்வீஸ் சென்டர் இப்போது இல்லை. சென்ற ஆண்டு உடைந்த பின்விளக்குக்காக 47 நாள் காத்திருந்தேன். பழைய வண்டி வியாபாரி 15 லட்சம் தருவதாகச் சொல்கிறார், மகனும் விற்றுவிடச் சொல்கிறான். எனக்குத்தான் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. மனம் வரவில்லை என்று சற்றுக் கூச்சத்துடன் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சம் தேவையில்லை, ஏனெனில் கணக்கும் இங்கே உங்கள் பக்கம்தான் நிற்கிறது.

இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. உங்கள் வண்டி பிறந்த மறைமலை நகர் ஆலை அடுத்த ஆண்டு ஓய்ந்தது. அந்தச் செய்தியால் விழ வேண்டிய விலை விழுந்து முடிந்துவிட்டது. வியாபாரி சொல்லும் 15 லட்சத்துக்குள் அந்த நட்டமும் அடங்கியிருக்கிறது. இனி ஆண்டுதோறும் குறைவது சிறு தொகையாகவே இருக்கும். மாறாக, இதே அளவிலான புதிய வண்டி ஒன்றை 40 லட்சத்துக்கு எடுத்தால், தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாகன வரி 20 சதவீதம் என்பதால், வரிக்கே 8 லட்சம் போய்விடும். அந்த 8 லட்சத்தைத் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு எண்டெவரின் பராமரிப்புக்கென்றே வைத்தால் பல ஆண்டுகளுக்குக் காணும்.

உங்கள் உண்மையான சிக்கல் விலையில் இல்லை, உதிரிபாகத்தில் இருக்கிறது. அதிலும் எல்லாப் பாகமும் ஒரே மாதிரி அல்ல. வெளிநாடுகளில் எவரெஸ்ட் என்ற பெயரில் விற்ற வண்டிதான் நம் எண்டெவர்; ரேஞ்சர் பிக்கப் வண்டியும் இதே அடித்தளத்தில் கட்டப்பட்டது. தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இவை ஏராளமாக ஓடுவதால் ஃபில்டர், பிரேக் பேட், எஞ்சின் சார்ந்த பாகங்கள் ஆகியவற்றுக்கு இன்னும் நெடுநாள் தட்டுப்பாடு வராது. டயரும் கவலையில்லை, 18 அங்குலச் சக்கரத்துக்குரிய 265/60 அளவையே டொயோட்டா ஃபார்ச்சூனரும் பயன்படுத்துகிறது. ஆனால் ரேஞ்சருக்குப் பின்புறம் பட்டை வில், எண்டெவருக்குச் சுருள் வில் என்பதால், ரேஞ்சருடையது என்று யாராவது மலிவாகத் தரும் பின் சஸ்பென்ஷன் பாகங்களை வாங்கிவிடாதீர்கள். விளக்கு, கண்ணாடி, பம்பர் போன்ற வெளிப்பாகங்களே தாமதமாகும். அதை நீங்களே 47 நாள் பார்த்திருக்கிறீர்கள். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு ஒரு ஜோடி பின்விளக்கும் பக்கக் கண்ணாடியும் முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்திருப்பதில் தவறில்லை.

அடுத்தது மெக்கானிக். சர்வீஸ் சென்டரை விட்டு வெளியே வந்து தனியாகப் பட்டறை வைத்திருக்கும், ஃபோர்டு வண்டிகளில் கைபழகிய ஒருவரை மதுரையிலோ கோவையிலோ தேடிப் பிடியுங்கள். அவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 3.2 எஞ்சினில் ஆயில் மாற்றும்போது எதில் கவனமாக இருப்பீர்கள்? தெரிந்தவராக இருந்தால், பழைய ஆயிலை வடித்த பிறகு வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது என்று உடனே சொல்வார். இந்த எஞ்சினின் ஆயில் பம்ப், அதிக நேரம் வறண்டு கிடந்தால் மீண்டும் ஆயிலை இழுக்கத் தவறக்கூடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் அழுத்தம் இல்லாமல் ஓடி எஞ்சினே பாழாகும். ஆகவே பத்து நிமிடத்துக்குள் ஃபில்டரை மாற்றி, ஆயில் வடியும் துளையின் மூடியை இறுக்கி, புது ஆயிலை ஊற்றிவிட வேண்டும். முதல் முறை நீங்களே அருகில் நின்று பாருங்கள். ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சினை இந்தியச் சாலையில் இனி புதிதாக யாரும் தரப்போவதில்லை. ஒரு மணி நேரம் நிற்பது அதற்குச் செய்யும் மரியாதை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்பவர்களின் பேச்சையும் கேட்காதீர்கள். போடிமெட்டு ஏற்றத்தில் வாரம் இருமுறை ஏறும் வண்டிக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.

பதிவுச் சான்றிதழ் 15 ஆண்டுக்கு, அதாவது 2033 வரை செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனையில் தேறினால், கட்டணமும் பசுமை வரியும் செலுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். பத்தாண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால், அந்தச் செய்திகள் தில்லி வட்டாரத்துக்கானவை.

கேள்வி: காப்பீட்டு நிறுவனம் என் 2017 எண்டெவருக்கு மிகக் குறைந்த மதிப்புப் போட்டிருக்கிறது. பிரீமியம் குறைவதால் ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐந்து ஆண்டைக் கடந்த வண்டிக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கும், ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பு அட்டவணைப்படி தீர்மானிக்கப்படுவதில்லை. நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதே விதி. பேசுவதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

வண்டியை நேசிப்பவர்கள் இதில் ஓர் அபாயத்தைக் கவனிப்பதில்லை. பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். மதிப்பை 8 லட்சம் என்று வைத்தால் 6 லட்சத்தைத் தாண்டும் ஒரு முன்பக்க மோதலே போதும். சரிசெய்திருக்கக்கூடிய வண்டி கையை விட்டுப் போய்விடும். இறக்குமதியாகும் விளக்குகளும் ஏர்பேக்குகளும் சேர்ந்தால் 6 லட்சம் எட்டாத தொகை அல்ல. உங்கள் ஊரில் அதே ஆண்டு வண்டிகள் விலைபோகும் விளம்பரங்கள் இரண்டு மூன்றைத் திரட்டிக் காட்டி மதிப்பை உயர்த்தச் சொல்லுங்கள். பிரீமியம் சில ஆயிரம் கூடினால் கூடட்டும்.

கேள்வி: பழைய எண்டெவர் ஒன்றைப் புதிதாக வாங்க நினைக்கிறேன். 3.2 நல்லதா, 2020-இல் வந்த 2.0 நல்லதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 2.0 எஞ்சினும் பத்து கியர் ஆட்டோமேட்டிக்கும் ஓட்டுவதற்கு இதமானவை. ஆனால் அந்த எஞ்சினின் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி ஓடுவது; தவறான ஆயிலை ஊற்றியிருந்தாலோ, மாற்றாமல் இழுத்திருந்தாலோ பெல்ட் சிதைந்து துகள்கள் ஆயில் வழியை அடைக்கும். 3.2-இல் செயின் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. எனவே 2.0 வாங்குவதானால், எந்தத் தரத்து ஆயில், எத்தனையாவது கிலோமீட்டரில் என்று எழுதப்பட்ட பில்கள் தொடர்ச்சியாக இருக்கும் வண்டியை மட்டும் பாருங்கள். விற்பவர் பில்லைத் தேடி எடுத்து அனுப்புகிறேன் என்றால், அது வந்து சேரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.