38 பேரும் வேடிக்கை பார்த்தார்களா?

கேள்வி: நான் பி.ஏ. உளவியல் முதலாமாண்டு மாணவி. 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொலையானபோது 38 பேர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பாடத்தில் வருகிறது. கூட்டம் என்றால் மனிதருக்கு இரக்கமே போய்விடுமா?
- வாசகி, திருச்சி

பதில்: போகாது. முதலில் அந்த 38 என்ற கணக்கே தப்பு. மார்ச் 13 விடிவதற்கு முன் நடந்த கொலை அது; இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்ட செய்திதான் இந்தக் கதையை உலகம் முழுக்கப் பரப்பியது. உண்மையில் தாக்குதலைக் கண்ணால் பார்த்தவர்கள் சிலர்தான், பலர் காதில் விழுந்தது ஏதோ சத்தம், ஒருவர் ஜன்னலில் நின்று சத்தம் போட்டு, தாக்கியவனை விரட்டியும் இருக்கிறார், அப்புறம் பக்கத்து வீட்டு சோஃபியா ஃபாரர் ஓடிவந்து உயிர் போய்க்கொண்டிருந்த கிட்டியைக் கையில் தாங்கிக்கொண்டார். அந்தப் பெண்மணியின் பெயர் எத்தனை பாடப்புத்தகத்தில் இருக்கிறது? 2016-ல் அந்தப் பத்திரிகையே தன் செய்தி பிழையானது என்று ஒப்புக்கொண்டது.

சரி, அப்படியானால் பாடம் பொய்யா என்றால், அதுவும் இல்லை. அந்தச் செய்தியால் உந்தப்பட்டு டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்து 1968-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து மைக்கில் பேச வைத்தார்கள். நடுவில் ஒரு குரல் வலிப்பு வந்ததுபோல் திணறும். அது பதிவு செய்த குரல் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. தன் காதில் மட்டும்தான் விழுகிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்துவிட்டார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது 31 சதவீதம்தான். எழுந்திருக்காதவர்கள் கல்நெஞ்சர்களா? பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது, ஆய்வாளர் உள்ளே வந்ததும் 'அவருக்கு ஒன்றும் ஆகலையே?' என்று பதறினார்கள். வேறு யாராவது போயிருப்பார்கள் என்ற நினைப்பு காலைக் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான். இதைத்தான் பொறுப்புச் சிதறல் என்கிறோம்.

இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று நாடுகளின் தெருச் சண்டைகளை, மொத்தம் 219, சிசிடிவியில் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கே புகுந்து தடுத்திருந்தார். ஆள் கூடக் கூட, யாராவது உதவிக்கு வரும் வாய்ப்பும் கூடியது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தயங்குவதும் அவர்களில் யாராவது ஒருவர் முன்வருவதும் சேர்ந்தே நடக்கும். தேர்வில் கிட்டியின் கதையை இரண்டு வரியில், அதில் இருந்த பிழையோடு சொல்லிவிட்டு, மிச்ச இடத்தை 1968 சோதனைக்குக் கொடுங்கள்.