தனியாக நெடுந்தூரம் சைக்கிளில் போனால் நம்மை நாமே அறிந்துகொள்ளலாம் என்கிறார்களே, அது உண்மையா? உங்களுக்கு அப்படி நேர்ந்ததுண்டா?

என் மட்டில் உண்மைதான். ஆனால் அறிந்துகொண்ட விஷயம் நான் தேடிப் போனதும் அன்று, வெளியே சொல்லிப் பெருமைப்படத்தக்கதும் அன்று. அதனால்தான் இந்தக் கேள்வியை இரண்டு மூன்று முறை பார்த்தும் எழுதாமல் கடந்து போயிருக்கிறேன்.

2023ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த வாரத்தில் திருவான்மியூரிலிருந்து கிளம்பி, கிழக்குக் கடற்கரையை ஒட்டியே கன்னியாகுமரி வரை சைக்கிளில் சென்றேன். அப்போது எனக்கு வயது 44. ஒன்பது நாள்களில், சைக்கிளில் பொருத்தியிருந்த மீட்டர் 780 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகக் காட்டியது. பழகியவர்களுக்கு இது ஐந்து நாள் வேலை; எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கிளம்புவதற்கு முன் வீட்டில் இரண்டு வாரம் சண்டை. போக வேண்டாம் என்று என் கணவர் சொல்லவில்லை. "நீ பாட்டுக்கு ஓட்டு, நான் ஒரு அஞ்சு கிலோமீட்டர் பின்னாடி கார்ல வந்துகிட்டே இருக்கேன்" என்றுதான் சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னது என்று தெரிந்தும் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. பின்னால் கார் வந்தால் அது என் பயணமாக இருக்காது, உங்கள் மேற்பார்வையில் நடக்கும் உடற்பயிற்சியாகத்தான் இருக்கும் என்று வாதாடி, மாமியாரையும் என் பக்கம் இழுத்துக்கொண்டு, கடைசியில் வென்றேன். கார் சென்னையிலேயே நின்றது. தினமும் இரவில் ஒருமுறை பேசுவது, நான் இருக்குமிடம் அவருடைய கைப்பேசியில் தெரியும்படி வைத்துக்கொள்வது, இவ்வளவே உடன்பாடு.

மாமல்லபுரத்தைத் தாண்டி டீ குடிக்க நிறுத்திய முதல் கடையில், கடைக்காரர் சைக்கிளையும் கேரியரில் கட்டியிருந்த பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தனியாவாம்மா போறீங்க?" என்று கேட்டார். ஒரு நொடிகூட யோசிக்காமல், "இல்லைங்க, வீட்டுக்காரர் பின்னாடி கார்ல வர்றாரு" என்றேன்.

இரண்டு வாரம் சண்டை போட்டு நிறுத்திவைத்த காரை, அறுபது கிலோமீட்டர் தாண்டுவதற்குள் நானே சாலையில் இறக்கிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. பாதுகாப்புக்காகச் சொன்ன பொய், தனியாகப் போகும் எந்தப் பெண்ணும் சொல்லக்கூடிய பொய் என்று எண்ணிக்கொண்டு மேலே மிதித்தேன். மரக்காணத்தில் உப்பளப் பாத்தியைச் சீர்செய்துகொண்டிருந்த பெண்கள் கைதட்டிக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர்களிடமும் கார் வந்தது. சிதம்பரத்தில் இட்லி பரிமாறிய அம்மாளிடமும் வந்தது. மூன்றாம் நாள் தரங்கம்பாடியில், டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டையின் வாசலில், சுற்றுலா வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைச் சூழ்ந்துகொண்டு மணியை அடித்துப் பார்த்தார்கள். அவர்களில் பன்னிரண்டு வயது இருக்கக்கூடிய ஒரு பெண், சென்னையிலிருந்து வருகிறேன் என்றதும் கண்கள் விரிய, "தனியாவா ஆன்ட்டி வந்தீங்க?" என்றாள். அவளிடமும் அதே பதிலைச் சொன்னேன். "ஓ" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் மணியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அந்தக் கோட்டை வாசலில் அவளிடமிருந்து எனக்கு என்ன பாதுகாப்பு வேண்டியிருந்தது?

தன்னை அறிதல் என்றால் ஆளில்லாத சாலை, சூரிய உதயம், அலையோசை என்று படம் போடுகிறார்கள். எனக்கு அவை எல்லாம் கிடைத்தன. ஆனால் அவற்றால் பெரிதாக ஒன்றும் விளங்கவில்லை. முதல் மூன்று நாளும் ஆளில்லாத சாலையில் நான் செய்ததெல்லாம் அலுவலகத்தில் ஒருவருடன் இருந்த பழைய வழக்கை மனத்திற்குள் மறுபடி மறுபடி வாதாடியதும், மரத்துப்போன சுண்டுவிரலை உதறிக்கொண்டதும்தான். உண்மையில் வேலை செய்தது சைக்கிளின் வேகம் என்று நினைக்கிறேன். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் போகும் ஆளை யார் வேண்டுமானாலும் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். காரில் போகிறவரையும் பைக்கில் தலைக்கவசத்தோடு பறக்கிறவரையும் அப்படி நிறுத்த முடியாது. "எங்கிருந்து, எங்கே, கூட யார்" என்ற மூன்று கேள்விகளை ஒரு நாளைக்கு இருபது முப்பது பேர், ஒன்பது நாளும் என்னிடம் கேட்டார்கள். ஒரே கேள்விக்கு ஒரே பதிலை அத்தனை முறை சொல்லும்போது, பதிலின் குரல் நம் காதிலேயே விழத் தொடங்கிவிடுகிறது. வீட்டில் இருந்திருந்தால் இதை ஒருமுறை சொல்லி மறந்திருப்பேன்.

இந்த இடத்தில் ஆனி லண்டன்டெரியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1894இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கிளம்பி, பெரும்பகுதி கப்பலிலும் மீதி சைக்கிளிலுமாக 1895க்குள் உலகைச் சுற்றி வந்த பெண் அவர். லண்டன்டெரி என்பது அவருக்குப் பணம் கொடுத்த தண்ணீர்க் கம்பெனியின் பெயர். அதை விளம்பரத்துக்காகத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டார். கணவரும் மூன்று சிறு பிள்ளைகளும் வீட்டில் இருக்க, போகிற ஊரில் எல்லாம் செய்தியாளர்களிடம் தன்னைப் பற்றி வேறு வேறு கதைகளைச் சொன்னார். சில இடங்களில் தாய் தந்தை இல்லாதவர், சில இடங்களில் பெரும் சொத்துக்கு வாரிசு. அவர் இருந்த கணவரை மறைத்தார், நான் வராத கணவரைக் கூட்டி வந்தேன். அவருடைய பொய்யில் ஒரு துணிச்சலாவது இருக்கிறது.

ஐந்தாம் நாள் கட்டுமாவடியைத் தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரைக்குள் வந்தேன். இதே மாவட்டத்தில், அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்தான் என் அம்மா தமது முப்பத்து மூன்றாம் வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டார். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பக்கபலமாக நின்றார். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலரும் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள்; நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் பிறகு அதையே விரும்பவும் செய்தார்கள். என் தம்பி அந்தக் கம்பியில் துண்டு சுற்றி உட்கார்ந்து போனவன். வழியில் யாராவது "எங்கத்தா கிளம்பிட்ட?" என்று கேட்டால், அம்மா "சோலி இருக்கு" என்று சொல்லிவிட்டு மிதிப்பார். யாருடன், எப்போது திரும்புவாய் என்று தொடர்ந்து கேட்க அதில் இடமே இருக்காது. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் இருபது ஆண்டுகளாகச் சம்பளம் வாங்குகிறவள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே மணமேல்குடியில் இளநீர் குடிக்க நின்றேன். வெட்டித் தந்தவர் கேட்டார். அன்றும் காரைத்தான் சொன்னேன்.

அது முடிவுக்கு வந்தது ஏழாம் நாள், சாயல்குடியைத் தாண்டி வேம்பாருக்குப் போகும் வழியில். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும் பனையும் தவிர வேறொன்றும் இல்லை. பின்சக்கரம் மெத்தென்று இறங்கியது, கருவேல முள். மாற்று டியூபை முந்தைய நாளே தேவிபட்டினம் அருகில் போட்டுவிட்டேன். ஒட்டுப்போடலாம் என்று பையைத் திறந்தால், பஞ்சர் சொலூஷன் காய்ந்து பிசினாகிக் கிடந்தது. பதினைந்து நிமிடம் நின்றபின் குட்டியானை என்று சொல்லப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்று வந்தது. பின்னால் ஐஸ் பெட்டிகள். ஓட்டியவர் என் அப்பா வயதுக்காரர். தாமாகவே நிறுத்தி, "என்ன தாயி, பஞ்சரா? பெட்டிய நகட்டிட்டுச் சைக்கிள ஏத்திருவோம், வேம்பார்ல விட்டுர்றேன்" என்றார்.

"பரவாயில்லைங்கய்யா, வீட்டுக்காரர் பின்னாடி கார்ல வர்றாரு."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வண்டி வளைவில் மறைந்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்பது எனக்கே புரிந்தது. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு சுமையோடு சைக்கிளைத் தள்ளத் தொடங்கினேன். ஆறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்கு அருகில் ஆயிற்று. இடையில் இன்னொரு வண்டியும் வரவில்லை, காரும் வரவில்லை.

அந்த ஆறு கிலோமீட்டரில்தான், நீங்கள் கேட்கிற அந்த அறிதல் நடந்தது என்று சொல்லலாம். அவரிடம் எனக்குத் துளியும் பயம் இருக்கவில்லை. உப்பளப் பெண்களிடமும் பள்ளிக்கூடப் பிள்ளையிடமும் இருக்கவில்லை. ஆகவே அது பாதுகாப்புக்கான பொய் அன்று. நான் செய்வதை ஓர் ஆண் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்குச் சம்மதம் என்று தெரிவித்துவிட்டால்தான் அது பைத்தியக்காரத்தனம் ஆகாது என்று எனக்குள் யாரோ முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். தள்ளத் தள்ள ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. என் போனஸ் பணத்தில் வாங்கிய இந்தச் சைக்கிளை, அலுவலகத்தில் "அவர் வாங்கிக் கொடுத்தாரு" என்று சொல்லியிருக்கிறேன். நானே எடுத்த முடிவுகளை "சார்கிட்ட கேட்டுட்டேன்" என்ற முன்னுரையோடுதான் கூட்டத்தில் வைத்திருக்கிறேன். கணவரை அடக்கியாளுகிறவராகக் காட்டியதும் நான்தான், அவர் அல்லர்.

வேம்பாரில் பைக்குகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிச் சுற்றிக்கொண்டே, குமிழி வந்த இடத்தில் குச்சியால் குறி வைத்துக்கொண்டே, "கூட யாரும்மா வந்திருக்கா?" என்றார். நெஞ்சு அடித்துக்கொண்டது. "யாருமில்லண்ணே, தனியாத்தான் வர்றேன்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டயருக்கு உள்ள வெரல விட்டு மெதுவாத் தடவிப் பாருங்க, இன்னொரு முள்ளு நிக்கும்" என்றார். நின்றது.

அன்றிரவு தூத்துக்குடியிலிருந்து கணவரிடம் இதைச் சொன்னேன். சிரித்து முடித்த பிறகு, ஏழு நாள் டீசல் காசை யார் தருவது என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் இனிதாக நடந்தது என்று எண்ண வேண்டாம். திருச்செந்தூரில் உண்மையைச் சொன்னதற்காகவே இரண்டு லாட்ஜ்களில் அறை இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு, கணவரைத் தொலைபேசியில் பேசச் சொல்லிக் கேட்டார்கள். அலுப்பில் பேச வைத்தேன். கடைசி நாள் மணப்பாட்டு மணற்குன்றையும் உவரியையும் கடந்து, கூடங்குளத்துக் காற்றாலைகளுக்கு இடையில் புகுந்து, மாலையில் கன்னியாகுமரி சேர்ந்தபோது எனக்கு இருந்த ஒரே உணர்ச்சி கால் வலி. அந்தப் பொய்யையும் முழுவதுமாக விட்டுவிடவில்லை. இருட்டிய பிறகு, நிறுத்திக் கேட்கும் ஆளின் பார்வை சரியில்லை என்று தோன்றினால் இன்றும் காரை வரவழைப்பேன். எப்போது பயத்தால் சொல்கிறேன், எப்போது பழக்கத்தால் சொல்கிறேன் என்று எனக்கு இப்போது பிரித்துத் தெரிகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நீங்கள் கிளம்புவதாக இருந்தால் சில விஷயங்கள். இந்தச் சாலையில் தெற்கு நோக்கிப் போக ஜனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும், அப்போது போவதென்றால் கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு வாருங்கள். டியூப் வாங்கும்போது பைக் டியூபில் இருப்பது போன்ற வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எந்த ஊர் பைக் பஞ்சர் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். மாற்று டியூப் இரண்டு வேண்டும். சொலூஷன், ஒருமுறை திறந்தது சில மாதங்களில் காய்ந்துவிடும். கிளம்புகிற வாரத்தில் புதிதாக வாங்கி, பிரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.