சால்டர் இல்லாத பேட்டரித் தொகுப்பு

கேள்வி: 18650 வகை (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளமுள்ள உருளை வடிவ) லித்தியம் செல்களைச் சால்டர் செய்யாமல், தகடுகளால் அழுத்திப் பிடித்தே பேட்டரித் தொகுப்பு அமைக்கலாம் என்கிறார்கள். பழுதான செல்லை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதால் எனக்கு இதில் ஆர்வம். இதை நம்பிச் செய்யலாமா?

பதில்: செய்யலாம், அழுத்தம் தளராமல் இருக்கும் வரை. செல்லின் மீது சால்டரிங் இரும்பை வைக்காமல் தவிர்ப்பது மிகச் சரி. அதன் முனை 300 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்கிறது. செல்லுக்குள் இரு மின்முனைகளையும் பிரித்து வைக்கும் பாலிஎத்திலீன் படலமோ 130 டிகிரியை ஒட்டியே உருகிவிடும்.

அழுத்த இணைப்பின் தரத்தைத் தீர்மானிப்பது தொடும் இடத்திலுள்ள மின்தடைதான். அது 0.01 ஓம் என்றால், 10 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் 1 வாட் வெப்பம் பிறக்கும். 20 ஆம்பியரில் அதுவே 4 வாட் ஆகும். ஆகவே மெல்லிய எஃகுச் சுருள்வில் கொண்ட ஹோல்டர்கள் சிறு விளக்குக்குப் போதுமே தவிர, மோட்டாருக்கு உதவா. நிக்கல் முலாம் பூசிய செம்புத் தகட்டை வைத்து, செல்களின் நீளத்திலுள்ள நுண்ணிய வேறுபாட்டை ஈடுகட்ட அதன் பின்னால் சிலிக்கோன் ரப்பர் மெத்தை கொடுத்து, இருபுறப் பலகைகளையும் நீண்ட போல்ட்டுகளால் சீராக இறுக்குவதே என் பரிந்துரை. தகட்டைச் செல்லோடு ஒட்டிப் பிடிக்கக் காந்தத்தை நம்ப வேண்டாம். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கும், சூடான இணைப்பில் அது தளர்ந்தால் சூடு மேலும் ஏறும்.

பாசிட்டிவ் முனையை உற்றுப் பாருங்கள். நடுவிலுள்ள மூடி மட்டுமே பாசிட்டிவ். அதைச் சுற்றி மடிந்திருக்கும் விளிம்பு நெகட்டிவ் உறையின் தொடர்ச்சி. இடையில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் வளையமும் மேலுறையும் மட்டுமே. தகடு அந்த மேலுறையை அறுத்தால் செல் அங்கேயே ஷார்ட் ஆகிவிடும். எனவே ஒவ்வொரு செல்லுக்கும் காப்பு வளையம் ஒட்டுங்கள். மூடியோரத்து வாயுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

பக்க இணைப்பில் சேர்க்கும் செல்களின் மின்னழுத்தம் ஒன்றுக்கொன்று 0.05 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். அதில் ஒரு செல் தொடர்பிழந்தால் மற்றவை அதன் சுமையையும் தாங்கி வடியும். பின்னர் அது திடீரெனத் தொட்டால் நிரம்பிய செல்லிலிருந்து வடிந்தவற்றுக்குப் பெருமின்னோட்டம் பாயும். பி.எம்.எஸ். எனும் பேட்டரி மேலாண்மைப் பலகையால் இதைக் காண இயலாது, ஏனெனில் அது பக்க இணைப்பிலுள்ள அந்தச் செல்கள் முழுவதற்கும் ஒரே மின்னழுத்தத்தையே அளக்கிறது. செல்லுக்கு ஒரு ஃபியூஸ் வைப்பதே காப்பு. இதனாலேயே அதிர்வு மிகுந்த வண்டிகளுக்கு இம்முறையை நான் பரிந்துரைப்பதில்லை.

முடித்தபின் சுமை கொடுத்து, செல்லின் முனைக்கும் அதைத் தொடும் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டரால் மில்லிவோல்ட் அளவிடுங்கள். மற்றவற்றைவிட அதிகம் காட்டும் இடத்தைக் கழற்றித் துடைத்து மீண்டும் இறுக்க வேண்டும்.