அம்மாவின் கிளினிக் கொப்பி

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு 62 வயது. சீனியும் பிரஷரும் இருக்கிறது. மாதாமாதம் விடியவே கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்து, மருந்தோடு வீடு வர மத்தியானம் ஆகிவிடும். சில மருந்துகளை வெளியே வாங்கச் சொல்லித் துண்டு கொடுக்கிறார்கள். காப்புறுதி முகவர் ஒருவர், கட்டுப்பணம் கட்டினால் எல்லாவற்றையும் தனியாரில் பார்க்கலாம் என்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரியை விட்டுவிடலாமா?

ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

விட்டுவிட வேண்டாம்.

அம்மா படும் பாடு எனக்குத் தெரியும். என் அப்பாவோடு மட்டக்களப்பில் கிளினிக் வாங்கில் எத்தனையோ காலை இருந்திருக்கிறேன். பொலித்தீன் உறை போட்ட கொப்பி மடியில் இருக்கும். இரத்தம் எடுக்கும்வரை தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் துண்டோடு பாமசி பாமசியாக அலைந்தேன்.

அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்த இரவு தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குத்தான் ஓடினோம். முற்பணம் வாங்கி இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, இங்கே வசதியில்லை, போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அங்கே கேட்டது கொப்பியை மட்டும்தான்.

தனிநபர் மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தால்தான் காசு தரும். அம்மாவுக்கு வேண்டியது மாதாமாதம் சீனிக்கான மெட்ஃபோமின் மருந்தும் இரத்தப் பரிசோதனையும். படுக்கவிடாமல் காப்பது அதுதான். ஏற்கெனவே உள்ள வருத்தங்களைப் பல நிறுவனங்கள் விலக்கிவிடும், இல்லாவிட்டால் கட்டுப்பணத்தைக் கூட்டும். வயது ஏறினாலும் கூடும். சீனியை மறைத்துப் படிவம் நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். காசு கேட்கும் நாளில் அதைக் காட்டியே மறுத்துவிடுவார்கள்.

உங்களுக்கு இளவயது, வருத்தம் இல்லையென்றால், உங்கள் பெயரில் ஒன்று எடுங்கள். நல்லதுதான்.

இன்னொன்று. 1951இல் இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நின்றது. அதை இலவசம் என்று சொல்லிச் சொல்லி, கேட்க உரிமையில்லை என்று நினைத்துவிட்டோம். ஆஸ்பத்திரி நடப்பது நம் வரிப்பணத்தில். 2024 ஜனவரியிலிருந்து வாட் (பெறுமதி சேர்) வரி 18 சதவீதம். அம்மா போனுக்கு ரீலோட் போடும்போதும் அந்த வரி போகிறது. அதுவும் கட்டுப்பணம்தானே தம்பி? மருந்து இல்லையென்றால் ஏன் இல்லை என்று அம்மா தாராளமாகக் கேட்கலாம். துண்டுகளையும் பற்றுச்சீட்டுகளையும் வைத்து எழுத்தில் முறையிடுங்கள், நானும் கூட வருகிறேன்.

முகவர் அடுத்த தடவை வந்தால் அம்மாவின் கொப்பியை விரித்துவைத்து, இதிலுள்ள எந்த வருத்தத்துக்கு, எந்த மருந்துக்குக் காசு தருவீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில், தமிழில் வாங்குங்கள்.

அன்புடன்,
அக்கா